மெம்பரைக் கொன்ற அம்பு

உலிபாம் ஊரில் பன்றிக்கறியைப் பற்றி அதிகம் பேசுகிறவன் சகும். அதிகப் பன்றிகளைக் கொன்றவனும் அவன்தான். கொன்ற பன்றிகளில் ஒன்றின் நார்கூட அவன் பல்லிடுக்கில் சிக்கியதில்லை.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எய்தவன் தின்னக் கூடாது. தின்றால் கை செத்துவிடும். கை சாவதென்றால் வீக்கமோ வலியோ இருக்காது. வில் வழக்கம்போல் வளையும், அம்பு போகும், பன்றியும் போகும், ஆனால் இரண்டும் வேறு வேறு பக்கம் போகும். நியூகினியில் இந்தச் செப்பிக் மலையடியில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூட இது தெரியும். பாதிரியார்கள் வந்து எத்தனையோ பழக்கங்களைப் பாவக் கணக்கில் சேர்த்தார்கள். இதை மட்டும் தொடவில்லை. எய்தவன் தின்னாத கறியில் ஒரு தொடை அவர்கள் வீட்டுக்கும் போய்க்கொண்டிருந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது.

எய்தவன் தின்னாவிட்டால் கறி யாருக்கு? அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனுக்கு. அந்த மச்சான் வந்து பன்றித் தலையைத் தூக்க வேண்டும். தூக்கினால்தான் மற்றவர்கள் இலையை விரிக்கலாம். சகும் கட்டியிருப்பது ஒலேமியின் தங்கை வெரோனிகாவை. ஒலேமி கட்டியிருப்பது சகுமின் தங்கையை. பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். ஆகவே சகும் எய்தது ஒலேமி வயிற்றுக்கு, ஒலேமி எய்தது சகும் வயிற்றுக்கு. இத்தனை நேர்த்தியான ஏற்பாட்டை நியூகினி அரசாங்கம் இதுவரை செய்ததில்லை. இதற்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: இரண்டு மச்சான்களும் பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

அவர்கள் பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

சண்டைக்குக் காரணம் கால்பந்து. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மிஷன் மைதானத்தில் மலைக்கு மேலே உள்ள ஊர்க்காரர்களோடு ஆட்டம். உலிபாம் அணியில் வயது வரம்பு கிடையாது. கால் இருந்தால் போதும். கடைசி நேரம். பந்து சகுமிடம். அவனைச் சுற்றி நாலு முரடர்கள். தூரத்தில், கோலுக்கு நேர் எதிரே, ஆளில்லாத இடத்தில் ஒலேமி மட்டும் அக்குளைச் சொறிந்துகொண்டு நிற்கிறான்.

"மச்சான்!" என்று கத்தினான் சகும்.

ஆறு பேர் திரும்பினார்கள். அணியில் பாதிப் பேர் அவனுக்கு ஏதோ ஒரு வழியில் மச்சான். திரும்பாதவன் ஒலேமி ஒருவன்தான்.

"ஒலேமீ!"

திரும்பினான். பந்து போனது. கோல் விழுந்தது. ஊரே குதித்தது. ஒலேமி மட்டும் குதிக்கவில்லை. பெண் கொடுத்து எடுத்தவர்கள் ஒருவர் பெயரை ஒருவர் வாயால் சொல்வதில்லை. சொன்னால் நடுச்சந்தையில் இடுப்புத் துணியை உருவியதற்குச் சமம். அதுவும் இது, வெளியூர்க்காரர்கள் பார்க்க, அடித்தொண்டையில். கோலை அடித்து முடித்த பிறகுதான் ஒலேமிக்குக் கோபம் வந்தது என்பதை சகும் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவான்.

முறைப்படி அபராதம் கொடுக்க வேண்டும். சகும் மறுவாரமே ஒரு கொழுத்த காட்டுப்பன்றியை எய்து, கம்பில் கட்டி ஒலேமி வாசலில் இறக்கினான்.

"காட்டுப் பன்னியா?" என்றான் ஒலேமி. "காடு வளர்த்த பன்னியை எய்துட்டு வந்து எனக்கு அபராதம்னு குடுக்கறீங்களா? எப்படியும் எனக்கு வரவேண்டியதுதானே அது? வீட்டுல சோறு போட்டு வளர்த்ததைக் கொண்டாங்க."

"கோல் அடிச்சது யாரு மச்சான்? பேரு சொன்னது அவ்வளவு அவமானம்னா பந்தை விட்டிருக்கணும். பந்து வேணும், பேரு மட்டும் வேண்டாமா?"

"தூக்கிட்டுப் போங்க உங்க பன்னியை."

அதோடு முடிந்தது பேச்சு. சகும் பன்றியைத் தூக்கிக்கொண்டு திரும்பினான். தலையைத் தூக்க ஆளில்லாத பன்றியை, பாதி வழியிலேயே ஈ மொய்க்க ஆரம்பித்தது. அப்போது குறுக்கே வந்தவன்தான் கோஸ்மாஸ்.

கோஸ்மாஸ் வெரோனிகாவுக்குச் சித்தப்பா மகன். இன்னொரு பக்கத்தில் சகுமின் தங்கைக்குப் பெரியம்மா மகன். இரண்டு பெண்களுக்கும் அண்ணன் முறை, ஆகவே இரண்டு ஆண்களுக்கும் மச்சான் முறை. அவனிடமும் ஒரு வில் உண்டு. அதில் அவன் மனைவி துணி காயப்போடுகிறாள்.

"ஐயோ பாவம், கறி வீணாகுதே," என்றான் கோஸ்மாஸ். "நான் வேணா தூக்கறேன்."

தூக்கினான். அன்றிலிருந்து சகும் எய்ததையும் அவன்தான் தூக்கினான், ஒலேமி எய்ததையும் அவன்தான் தூக்கினான். இரண்டு பேரும் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள்: என் பன்றியின் கறி அந்த ஆள் வீட்டுப் படியை மிதிக்கக் கூடாது. கோஸ்மாஸ் வாழ்க்கையில் ஒழுங்காகக் கடைப்பிடித்த நிபந்தனை இது ஒன்றுதான். வெரோனிகா எவ்வளவோ கேட்டுப் பார்த்தாள். புருஷன் எய்த பன்றியிலிருந்து முறைக்கு ஒரு காதும் வாலும் அவளுக்கு வந்தது. அண்ணன் எய்த பன்றியிலிருந்து அதுவும் வரவில்லை.

சமாதானம் பேசக் கிளம்பினவனும் கோஸ்மாஸ்தான். அவன் ஒவ்வொரு முறை சமாதானம் பேசிவிட்டு வரும்போதும் சண்டை ஒரு சுற்றுப் பெருத்தது. அவனும் பெருத்தான்.

சகுமைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாற்பதைத் தாண்டியவன். குட்டை ஆள், அவன் வில் அவனைவிட ஒரு முழம் உயரம். காட்டுப் பனையின் கரிய வைரத்தில் செதுக்கிய வில் அது, மூங்கில் பிளாச்சு நாண். அம்பு நாணல் தண்டு. முனையில் கையகல மூங்கில் அலகை நாரால் இறுக்கிக் கட்டியிருப்பான். அவன் கட்டும் நார் சிவப்பு, ஒலேமி கட்டுவது மஞ்சள். அம்புக்கு இறகு கிடையாது, ஆகவே தூரத்திலிருந்து எய்து வித்தை காட்ட முடியாது. பன்றி மூச்சு விடுவது கேட்கிற தூரத்துக்குப் போக வேண்டும். கவுன்சிலர் வீட்டில் ஒரு துப்பாக்கி இருக்கிறது. தோட்டா வாங்கித் தருவதாக ஒவ்வொரு தேர்தலிலும் சொல்கிறார்கள்.

ஒருமுறை வெவாக் பட்டணத்துக்குப் போய்ப் பார்த்தான். ஒரு கடைக்காரர், வில்லோடு வந்தால் வாசலில் காவல் வேலை என்றார். திருடர்கள் வரவில்லை. வந்தவர்கள் அவனோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நாணை ஒருநாள்கூட இழுக்காமல் சம்பளம் வாங்கியது அவனுக்கு ஏதோ தப்பாகப் பட்டது. ஊருக்குத் திரும்பி வெனிலாக் கொடி வைத்தான். வெனிலா விலை ஏறும்போது தகரக் கூரை போடுவான், இறங்கும்போது அந்தக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து கறியைப் பற்றிப் பேசுவான்.

கடந்த இரண்டு வருஷத்தில் இந்தப் பேச்சு முற்றிப்போயிருந்தது. ஜவ்வரிசிக் களியைப் பார்த்தால் கொழுப்பு ஞாபகம். சேப்பங்கிழங்கைப் பார்த்தால் தோல் கருகும் வாசனை ஞாபகம். சாவு வீடுகளில் கிடைக்கும் விரலளவுத் துண்டை அவன் கறியில் சேர்ப்பதில்லை. மற்றபடி டின் மீன்தான்.

"இன்னிக்கும் மீனா?" என்பான்.

"எங்க அண்ணன்கிட்டப் போய்ப் பேசு," என்பாள் வெரோனிகா. "நாளைக்கே கறி வரும்."

"அவரு முதல்ல பேசட்டும்."

"அப்ப மீனைத் தின்னு."

நிலைமை இப்படியிருக்கையில் மெம்பர் வந்து சேர்ந்தார்.

மெம்பர் என்பது ஒரு கிழட்டு ஆண் பன்றி. ஒரு கோரைப்பல் முறிந்தது, மறு கோரைப்பல் காதுவரை வளைந்தது. எல்லார் தோட்டத்துக்கும் ஒருமுறை வரும். கிழங்கையெல்லாம் கிளறித் தின்னும். பிறகு யார் கண்ணிலும் படாது. ஊர்க்காரர்கள் வைத்த பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது. தொகுதியின் உண்மையான மெம்பர் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வருகிறார். இது பௌர்ணமிக்குப் பௌர்ணமி வந்தது என்பதுதான் வித்தியாசம்.

முதலில் கோஸ்மாஸின் வாழைத் தோப்பு போயிற்று. அதற்கு யாரும் வருத்தப்படவில்லை. அடுத்து வெரோனிகாவின் சேப்பங்கொல்லை. அதற்கடுத்து ஓடைக்கு அந்தப் பக்கம் ஒலேமியின் வள்ளிக்கிழங்குத் தோட்டம். அறுவடைப் படையலுக்காகப் பேர் வைத்து வளர்த்த ஆளுயரக் கிழங்கு ஒன்றை மெம்பர் நுனியில் மட்டும் கடித்துவிட்டுப் போயிருந்தார். ஒலேமி அந்தக் கிழங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துக்கம் கொண்டாடியதாகக் கோஸ்மாஸ் வந்து சொன்னான்.

"உன்னைப் பத்தியும் ஒரு வார்த்தை சொன்னாரு," என்றான் கோஸ்மாஸ், பாக்கை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு.

"என்ன சொன்னாரு?"

"வேணாம் விடு. உனக்குக் கஷ்டமா இருக்கும்."

"சொல்லுடா."

"அந்தாளு கை செத்துப்போச்சு, அதான் பன்னிக்குத் துளிர் விட்டுப்போச்சுன்னு."

ஒலேமி இதைச் சொன்னானா என்பது கோஸ்மாஸுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். இருவரில் ஒருவர் பேசமாட்டார், மற்றவர் பேச்சை நம்ப முடியாது. ஆனால் சகுமுக்கு அது முள்ளாகக் குத்தியது. ஏனென்றால் அந்தச் சந்தேகம் அவனுக்கே இருந்தது. கறியை உரிமையுள்ள மச்சான் எடுக்காமல் கண்டவன் எடுத்தால், அதிலும் கை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும் என்று சிலர் சொல்வார்கள். போன மாதம் இரண்டு அம்பு குறி தவறியிருந்தது.

மறுநாளே ஓடைக்கு இந்தப் பக்கம், தன் நிலத்தின் சேற்றோரத்தில், முதிர்ந்த ஜவ்வரிசிப் பனை ஒன்றை வெட்டிச் சாய்த்தான். பட்டையை நீளவாக்கில் பிளந்து உள்ளே இருக்கும் மாவுச் சோற்றைக் கோடாலியால் கொத்திவிட்டான். வெயிலும் மழையும் பட்டுச் சோறு புளித்தது. புளித்த வாடை காட்டுக்குள் பரவினால் பன்றி அழைப்பிதழ் இல்லாமலே வரும். காற்றுக்கு எதிர்ப்பக்கம் ஓலையால் ஒரு மறைப்புக் கட்டினான். விடியுமுன் போய் உட்கார்ந்தான், வெயில் ஏறினதும் திரும்பினான். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். வீட்டில் விட்டால் ஊரைக் கூட்டும் என்று ரேடியோவையும் கூட்டிக்கொண்டு போனான். ரேடியோ அவன் நாய். வாயை மூடாததால் வந்த பெயர். காட்டில் மட்டும் அதற்கு வாயைக் கட்டிவிடுவான்.

அவனுக்குத் தெரியாத ஒன்று: ஓடைக்கு அந்தப் பக்கம், வேலி உடைந்த இடத்தில், ஒலேமியும் வில்லோடு உட்கார்ந்திருந்தான். கடிபட்ட கிழங்குக்குப் பழி வாங்காமல் படுப்பதில்லை என்று அவனுக்கு வைராக்கியம்.

மெம்பர் வந்தது ஒரு பனிக் காலையில். முதலில் மூச்சு கேட்டது. பிறகு சப்புக் கொட்டும் சத்தம். பிறகுதான் முதுகு தெரிந்தது. கரும்பாறை நகர்ந்து வந்த மாதிரி. சகும் நாணை இழுத்தான். பன்றி முன்னங்காலை எடுத்துப் பனை மேல் வைத்தது. அந்தக் காலுக்குப் பின்னால் உள்ளங்கை அகல இடம். விட்டான். விட்ட கணத்தில் பன்றி உடம்பைத் திருப்பியது.

சத்தம் கேட்டது. எலும்பில் பட்டால் ஒரு சத்தம், கொழுப்பில் பட்டால் சத்தமே இல்லை, நெஞ்சுக்கூட்டில் பட்டால் உள்ளே காலியான மரத்தில் அறைந்த சத்தம். அவன் காதில் விழுந்தது மூன்றாவது. ஆனால் நெஞ்சில் வாங்கிய பன்றி கொஞ்ச தூரத்தில் விழ வேண்டும். இது விழவில்லை. சரிவில் இறங்கி, புதரைக் கிழித்துக்கொண்டு ஓடை பக்கம் ஓடியது. சகும் நாயின் வாய்க்கட்டை அவிழ்த்துவிட்டான். ரேடியோ அத்தனை நாள் சேர்த்துவைத்த குரைப்பையெல்லாம் ஒரேயடியாகக் கொட்டியது.

தண்ணீர் சிதறியது. அப்புறம் அந்தக் கரையிலிருந்து வேறொரு நாண் அதிரும் ஓசை. அதற்குப்பின் ரேடியோ மட்டும்.

சகும் போய்ப் பார்த்தபோது மெம்பர் ஓடையின் நடுவில், இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பொதுவாக, நடுநிலைமையோடு செத்துக் கிடந்தது. புதரில் உரசியும் பாறையில் மோதியும் இரண்டு அம்புத் தண்டும் முறிந்து போயிருந்தன. அந்தக் கரையில் ஒலேமி. இந்தக் கரையில் சகும். இருவரும் பன்றியைப் பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஆனால் இருவர் வாயிலும் ஒரே நேரத்தில் எச்சில் ஊறியது. இரண்டு பேரும் காறித் துப்பினார்கள்.

வேறு ஊர் வேட்டைக்காரர்களாக இருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். என் அம்பு, என் அம்பு என்று கைகலந்திருப்பார்கள். இங்கே கொன்றவன் தின்ன முடியாது. தின்ன வேண்டுமானால் கொன்றது மற்றவனாக இருக்க வேண்டும்.

"ரேடியோ," என்றான் சகும் நாயைப் பார்த்து. "அந்தக் கரையில ஒருத்தர் நிக்கறாரு பாரு. அவர்கிட்டச் சொல்லு. என்னா எய்தல்! ஒரே அம்பு. பன்னி அப்படியே உக்காந்துருச்சு."

ஒலேமி நாயைப் பார்த்தான். "ரேடியோ, உங்க எசமானுக்குச் சொல்லு. இந்தப் பன்னி என்கிட்ட வரும்போதே செத்துத்தான் வந்துச்சு. மரியாதைக்கு ஒரு அம்பு விட்டேன், அவ்வளவுதான்."

"செத்த பன்னி எங்கயாவது ஓடி வருமா, கேளு."

"மெம்பராச்சே. செத்தாலும் தொகுதியைச் சுத்திட்டுத்தான் விழும்னு சொல்லு."

"என் அம்பு கொழுப்புலதான் குத்துச்சு. எனக்கு இப்பல்லாம் கை சரியில்ல. ஊரெல்லாம் அப்படித்தான் பேசுதாமே."

ஒலேமியின் முகம் சற்று மாறியது. "யாரு பேசினாங்களாம்? நான் ஒண்ணும் பேசல. கை நல்ல கைதான். அதனாலதான் சொல்றேன், கொன்னது அந்தக் கைதான்."

ரேடியோ இரண்டு கரைக்கும் வாலை ஆட்டி ஓய்ந்து, பன்றியின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. இப்படியே விட்டிருந்தால் மத்தியானம்வரை ஒருவர் வீரத்தை மற்றவர் புகழ்ந்துகொண்டிருப்பார்கள். அதற்குள் புதர் விலகியது. கோஸ்மாஸ் வந்தான். தோளில் சுமைக் கம்பு, கையில் கத்தி, இடுப்பில் வாழையிலைக் கட்டு. நாய் குரைத்த சத்தத்தைக் கேட்டு ஓடிவந்தவன் இத்தனையையும் எடுத்துக்கொண்டு வந்தது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. அவன் பின்னால் ஊரில் பாதி. அதில் வெரோனிகாவும் இருந்தாள்.

கோஸ்மாஸ் தண்ணீரில் இறங்கி, நாயை நகர்த்தி, பன்றியைச் சுற்றிப் பார்த்தான்.

"ரெண்டு காயம்," என்றான் சோகமாக. "அடடா. ரெண்டு பேரும் எய்திருக்கீங்க. ரெண்டு பேருமே தொடக்கூடாது. என்ன செய்யறது? ரெண்டு தங்கச்சிக்கும் நான் அண்ணனாப் பொறந்துட்டேன். பாரத்தை நானே சுமக்கறேன்."

சொல்லிக்கொண்டே மெம்பரின் காதைப் பிடித்தான். பிடித்த விதம் சகுமுக்குத் தாங்கவில்லை. அந்த விரல்கள் கறியின் தடிமனை அளந்தன.

"கையை எடுடா," என்றான் சகும். "அது என் அம்பு. நான் கொன்னது."

கூட்டம் அவனைத் திரும்பிப் பார்த்தது. வெரோனிகா வாய் பிளந்தாள். கறியை நினைத்தே மெலிந்த ஒருவன், ஊரிலேயே பெரிய பன்றியைத் தன் வாயிலிருந்து தானே தள்ளிவிட்டான். சகும் நாயைப் பார்க்காமல், இரண்டு வருஷத்தில் முதல் முறையாக நேரே அந்தக் கரையைப் பார்த்தான். "மச்சான். நீங்க தலையைத் தூக்குங்க. இவன் தூக்கித் தின்னறதைவிட நீங்க தின்னுட்டுப் போங்க."

ஒலேமிக்கு அது போதும், இறங்கிவந்து தூக்கியிருக்கலாம். ஆனால் ஒலேமிக்கும் முதுகெலும்பு அதே மரத்தில் செதுக்கியதுதான். கோஸ்மாஸிடமிருந்து காப்பாற்றிக் கொடுத்த பன்றியைத் தின்றால், காட்டுப் பன்றியை அபராதமாக வாங்கிக்கொண்டதாக ஆகிவிடாதா?

"உங்க அம்பா?" என்றான். "இப்பத்தானே கொழுப்புல குத்துச்சுன்னீங்க? கொன்னது நான். நீங்க தூக்குங்க."

"நான்தான் கொன்னேன்."

"நான்தான்."

"என்னப்பா இது," என்று அலறினான் கோஸ்மாஸ். "இவ்வளவு நேரம் நான் இல்ல நான் இல்லன்னீங்களே, புதருக்குப் பின்னால இருந்து கேட்டுட்டுத்தானே இருந்தேன்!"

"கேட்டுட்டா இருந்த?" என்றார்கள் இரண்டு பேரும். சண்டைக்குப் பின் அவர்கள் சேர்ந்து சொன்ன முதல் வாக்கியம் அது.

வெரோனிகா முழங்கால்வரைத் துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடையில் இறங்கினாள். கோஸ்மாஸ் கையிலிருந்த கத்தியை வாங்கினாள்.

"ஈ மொய்க்க ஆரம்பிச்சாச்சு. நீங்க தீர்ப்பு சொல்றதுக்குள்ள புழு வெச்சிரும். அறுத்துப் பாத்தா தெரியுது, எவன் அலகு நெஞ்சுல இருக்குன்னு. எல்லாரும் தள்ளி நில்லுங்க. வெளிச்சத்தை மறைக்காதீங்க."

தள்ளி நின்றார்கள். அவள் பன்றியின் வயிற்றைத் திறந்து, முழங்கை மறையும்வரை உள்ளே விட்டுத் தேடினாள். எய்தபோது கேட்ட சத்தம் சகுமின் காதில் இன்னும் இருந்தது. காலியான மரத்தில் அறைந்த சத்தம். முதலில் தோள்பட்டையிலிருந்து ஒரு மூங்கில் அலகு வந்தது. பிறகு நெஞ்சுக்குள்ளிருந்து இன்னொன்று. இரண்டையும் ஒரு கையில் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். அலகில் சுற்றிய நாரை வைத்துத்தான் யாருடையது என்று சொல்ல வேண்டும். ரத்தத்தில் ஊறினால் எல்லா நாரும் சிவப்பு.

"தோள்ல இருந்தது இவரோடது," என்றாள். "நெஞ்சுல இருந்தது அண்ணனோடது."

"காட்டு, காட்டு," என்று பாய்ந்தான் கோஸ்மாஸ்.

"இருடா, கழுவிக் காட்டறேன்." குனிந்து தண்ணீரில் அலசினாள். ஓடை இரவு மழையில் வேகமாக இருந்தது. "ஐயோ. வழுக்கிருச்சு."

"ரெண்டுமா?"

"ரெண்டும்தான். கீழ போய்த் தேடு. சீக்கிரம் போனா வெவாக் கடற்கரையில பிடிச்சிரலாம்."

சகும் வாயைத் திறந்தான். பிறகு கோஸ்மாஸின் முகத்தைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

கொன்றவன் ஒலேமி என்று முடிவாயிற்று. இப்போது ஒலேமி மச்சானைக் கூப்பிட்டுத் தலையைக் கொடுக்க வேண்டும். அவன் தொண்டையைச் செருமினான். இரண்டு வருஷமாகப் பேசாத வாய்க்கு அந்த ஒரு சொல் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

"மச்சான்!" என்றான். "வந்து தலையைத் தூக்குங்க!"

கூட்டத்தில் ஐந்து பேர் நிமிர்ந்தார்கள். ஒருவன் "என்னையா?" என்றே கேட்டான். கோஸ்மாஸ் கேட்கவில்லை, அவனும் மச்சான் முறைதானே. "இதோ வந்துட்டேன் மச்சான்," என்று இரண்டு காதையும் பிடித்துவிட்டான். தலை தண்ணீரிலிருந்து எழும்பத் தொடங்கியது. தூக்கிவிட்டால் தூக்கியதுதான். பிறகு எந்த முறை சொல்லியும் பிடுங்க முடியாது.

"சகும்!" என்று கத்தினான் ஒலேமி. "சகும், ஓடி வா!"

சகும் ஓடினான். தோளால் இடித்தான். கோஸ்மாஸ் வாழையிலைக் கட்டோடு தண்ணீரில் உட்கார்ந்தான். தலை சகுமின் கைக்கு வந்தது.

அப்போதுதான் ஊருக்கு உறைத்தது, என்ன நடந்ததென்று. ஒலேமி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். மச்சான் பெயரை, ஊர் பார்க்க, அடித்தொண்டையில். போதாக்குறைக்கு 'ஓடி வா' வேறு.

சகும் தலையைத் தூக்கிப் பிடித்தபடி அவனைப் பார்த்தான்.

"மச்சான்னா யாரும் திரும்ப மாட்டேங்கறாங்க இல்ல?" என்றான் சகும்.

"எல்லாரும்ல திரும்பறாங்க," என்றான் ஒலேமி, கைக்குள்ளிருந்து.

"அப்ப என்ன பண்றது?"

"என்ன பண்றது. நீங்க அன்னிக்குப் பண்ணினதுதான்."

முதலில் சிரித்தது வெரோனிகா. பிறகு ஓடையின் இரண்டு கரையும் சிரித்தது. தண்ணீரில் உட்கார்ந்திருந்தவன் மட்டும், யார் யாருக்கு எவ்வளவு அபராதம் தரவேண்டும் என்று ஒரு நியாயம் பேசிப் பார்த்தான். பெயருக்குப் பெயர் சரியாயிற்று என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று மத்தியானம் குழி தோண்டி, கல் சூடாக்கி, மெம்பரை அதில் புதைத்து வேகவைத்தார்கள். சகுமின் இலையில் கழுத்துக் கொழுப்பு, தோலோடு, உள்ளங்கை தடிமனில். ஒலேமி எதிரே உட்கார்ந்து ஜவ்வரிசிக் களியைத் தொண்டையில் தள்ளிக்கொண்டிருந்தான். ஊரிலேயே பெரிய பன்றியைக் கொன்றவன் என்று எல்லாரும் அவன் தோளைத் தட்டினார்கள். தட்டும்போதெல்லாம் அவன் சகுமின் இலையைப் பார்த்தான்.

"எப்படி இருக்கு மச்சான்?"

"கிழடு. கொஞ்சம் கடினம்," என்றான் சகும், கொழுப்பு முழங்கையில் வழிய. "உப்பும் பத்தல."

சாயங்காலம் வெரோனிகா ஓடையில் கை கழுவிக்கொண்டிருந்தபோது சகும் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"நெஞ்சுல இருந்தது யாரோடது?"

"சொன்னேனே, அண்ணனோடதுன்னு."

"நாரைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"என்ன நிறம்?"

அவள் விரலிடுக்கை மணலால் தேய்த்தாள். "நல்லாத் தின்னியா?"

"தின்னேன்."

"வயித்துல ஏதாவது பண்ணுதா?"

"இல்ல."

"ரெண்டு வருஷமா நான் காதும் வாலும் தின்னுட்டிருந்தேன். இன்னிக்கு எங்க அண்ணன் எய்த பன்னின்னு தொடையைத் தின்னேன். எனக்கும் ஒண்ணும் பண்ணல. எந்திரி, பனி விழுது."

அதற்குமேல் அவளிடமிருந்து ஒரு வார்த்தை பெயராது என்று அவனுக்குத் தெரியும்; அவளும் ஒலேமியின் கூடப்பிறந்தவள்தான்.

சில நாட்கள் சகும் வில்லைத் தொடவில்லை. வெனிலாக் கொடிகளைக் கட்டினான். வேலியைச் சரி செய்தான். நடுநடுவே வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். கை எப்போதும் போலத்தான் இருந்தது. கை செத்தால் வலியோ வீக்கமோ இருக்காது என்பதுதான் தொந்தரவு. எய்து பார்த்தால்தான் தெரியும். வாழை மட்டையில் எய்து பார்க்கலாம்; ஆனால் வாழை மட்டையை யாரும் தின்பதில்லை, ஆகவே அது கணக்கில் வராது.

ஒலேமி ஒருநாள் வந்து வாசலில் உட்கார்ந்து பாக்கு கேட்டான். மென்றான். சுண்ணாம்பு தொட்டான். வானத்தைப் பார்த்தான்.

"உங்க பனையில இன்னும் சோறு இருக்கு போல," என்றான். "காத்து இந்தப் பக்கம் அடிக்கும்போது வாடை வருது."

"இருக்கு."

"தடம் ஏதாவது?"

"ஒரு பெட்டைப் பன்னி வந்து போகுது. சின்னதுதான்."

"சின்னதுன்னா பரவால்ல. எனக்குக் கிழடு பிடிக்காது," என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

மறுநாள் விடியுமுன் சகும் மறைப்பில் இருந்தான். ரேடியோவின் வாயைக் கட்டினான். பெட்டைப் பன்றி வந்தது, பனைச்சோற்றில் முகத்தைப் புதைத்தது. நாணைப் பாதி இழுத்தான். வில்லைத் தாழ்த்தி, மூச்சு விட்டு, மறுபடி இழுத்தான். விட்டான்.

காலியான மரத்தில் அறைந்த சத்தம். பன்றி இரண்டடி வைத்துப் பனைக்குப் பக்கத்திலேயே விழுந்தது.

சகும் போய் அதன் விலாவில் அம்பு இறங்கிய இடத்தைத் தொட்டுப் பார்த்தான். கை சாகவில்லை. அப்படியென்றால் மெம்பரைக் கொன்றது மச்சானின் அம்புதான். வெரோனிகா சொன்னது நிஜம். அப்படி இல்லையென்றால்...

அந்த இரண்டாவதை அவன் யோசிக்கவில்லை. கால்களைக் கட்டிப் பன்றியை முதுகில் ஏற்றினான். ஒலேமியின் வீட்டுக்குப் போகும் பாதை செங்குத்து, பன்றியும் சொன்ன அளவுக்குச் சின்னது இல்லை.